பாட்டு வித்த காசுல படம்: மாஸ்டர் பி வழி நமக்கு ஒத்துவருமா?

பீளமேடு பாய்ஸ் கேட்டது:

வணக்கம். நாங்க மூணு பேர், கோயம்புத்தூர். நாலு வருஷமா தமிழ் ராப் பண்றோம். பதினோரு பாட்டு கையில இருக்கு, எல்லாமே எங்க ஏரியா பசங்க கதை. போன தை மாசம் ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்க உட்கார்ந்தோம். எழுத எழுத அது இருபது நிமிஷக் கதையா வளர்ந்துடுச்சு. எடுத்தும் முடிச்சுட்டோம். பார்த்தவங்க எல்லாரும் "இதையே ஒன்றரை மணி நேரப் படமா எடுங்கடா"ன்னு சொல்றாங்க.

சென்னையில ஒரு மியூசிக் கம்பெனி பதினெட்டு லட்சம் தர்றேன்னு வந்திருக்கு. ஆனா படம், பதினோரு பாட்டு, இனி அந்தக் கதையில என்ன வந்தாலும் எல்லாமே அவங்களுக்கு. காலம் முழுக்க, உலகம் முழுக்க. நாங்களே திரட்டினா எட்டு லட்சம் தேறும். அதுல பாதி என் அம்மா சீட்டுப் பணம்.

ராப் பாடகர்கள் சொந்தமா படக் கம்பெனி ஆரம்பிச்சதுல அமெரிக்காவோட மாஸ்டர் பி பேரு அடிக்கடி காதுல விழுது, நோ லிமிட் ஃபிலிம்ஸ்னு. அவர் நிஜமாவே எப்படி எடுத்தார், எப்படி வித்தார்? 'பாட்டு வித்த காசுல படம் எடுத்தார்'னு சொல்றது அவ்வளவுதானா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும்.

மிக்ஸிங் மணி எழுதியது:

மாஸ்டர் பி-யை விட ஐஸ் கியூப் உங்களுக்குப் பொருத்தம் தம்பி. அவரும் ராப் பாடகர்தான், க்யூப் விஷன்னு கம்பெனி வெச்சார். ஆனா எடுத்தவுடனே கம்பெனி போர்டு மாட்டல. 1991-ல டைரக்டர் ஜான் சிங்கிள்டன் படத்துல நடிச்சார். "பாட்டு எழுதத் தெரிஞ்சவனுக்குப் படமும் எழுத வரும்"ங்கிற தைரியத்தை சிங்கிள்டன்தான் கொடுத்தார். அப்புறம் டிஜே பூங்கிற ராப் இசைக்காரரோட உட்கார்ந்து 'ஃப்ரைடே' எழுதினார். ஒரே தெரு, ஒரே நாள், வாசல் திண்ணையில உட்கார்ந்திருக்கிற ரெண்டு பசங்க. அவ்வளவுதான் கதை. டைரக்டர் எஃப். கேரி க்ரே தான் வளர்ந்த தெருவுலயே எடுத்தார், இருபது நாள்ல முடிஞ்சது. 35 லட்சம் டாலர் செலவு, 1995-ல அமெரிக்காவுல மட்டும் 2.7 கோடி டாலர் வசூல்.

நான் சொல்ல வர்றது இதுதான். உங்க எட்டு லட்சத்துக்கு ஒரு தெரு, ஒரு நாள் கதை போதும். கேமரா வாடகையில பாதி மிச்சமாகும், லொகேஷன் மாத்துற செலவே வராது. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. ஸ்பாட்டுல லைவ் சவுண்டுக்கு ஒரு ஆளை வைங்க. பணமில்லாத படங்கள் முதல்ல கோட்டை விடுறது அங்கதான், அப்புறம் டப்பிங்ல வந்து அழுவாங்க.

ஸ்கார்பரோ வரதன் எழுதியது:

தம்பி, நான் 1997, 98-ல் கனடாவில், ஸ்கார்பரோவில் ஒரு வீடியோக் கடையில் பின்னேர வேலை செய்தனான். பகலில் பள்ளிக்கூடம், ஐந்து மணிக்குப் பிறகு கல்லா. மாஸ்டர் பியின்ர முதல் படக் கசெற் என்ர கையில் வந்ததும் அந்தக் காலத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும் போல கிடக்கு.

முதலில் அப்ப வீடியோ வியாபாரம் எப்படி நடந்தது என்று விளங்க வேணும். புதுசாக வருகிற ஒரு ஹொலிவூட் படக் கசெற் எங்கட கடைக்கு நூறு டொலருக்குக் கிட்ட வரும். ஒரு கசெற்றுக்கு அவ்வளவு. அதை நாங்கள் ஒரு இரவுக்கு மூன்று, நாலு டொலருக்கு வாடகைக்கு விட்டுத்தான் காசை எடுக்க வேணும். முப்பது தரம் போனால்தான் கடைக்கு லாபம். இந்த விலையில் கடைக்காரர் தெரிந்த நடிகரின் படத்தைத்தான் எடுப்பார். பேர் தெரியாத ஆளின் படத்தை எவர் நூறு டொலர் கொடுத்து எடுக்கிறது?

1997 கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நேரம், என்னோடு படித்த ஒரு பெடியன் கடைக்கு வந்து "மாஸ்டர் பியின்ர 'ஐம் பவுட் இட்' இருக்கா?" என்று கேட்டான். முதலாளியைக் கேட்டேன், அவர் கேள்விப்படவே இல்லை. விநியோகக் கம்பெனி அனுப்புகிற பட்டியலிலும் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு கிழமையில் அவனே கொண்டு வந்து காட்டினான். எல்லை கடந்து பஃபலோவுக்குப் போன அவன்ர தமையன் அங்கே *பாட்டுக் கடையில்* வாங்கினதாம். வீடியோக் கடையில் இல்லை, பாட்டுக் கடையில், சிடிகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்ததாம். அந்த ஒரு சொல்லில் முழுக் கதையும் இருக்கு. அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

பெர்சி மில்லர் என்பது அவரின் இயற்பெயர். நியூ ஓர்லியன்ஸில் கலியோப் என்ற அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தவர். தாத்தா இறந்த பிறகு கைக்கு வந்த பத்தாயிரம் டொலரைக் கொண்டு, 1990 வாக்கில் கலிபோர்னியாவின் ரிச்மண்டில் ஒரு பாட்டுக் கடை போட்டார். நோ லிமிட் என்பது முதலில் அந்தக் கடையின் பேர். படக் கம்பெனியும் இல்லை, இசைக் கம்பெனியும் இல்லை, கடை. கல்லாவுக்குப் பின்னால் நின்றவனுக்கு ஒன்று தெரியும்: சனம் என்ன கேட்டு வருகுது, எது இல்லையென்று திரும்பிப் போகுது. நானும் நின்றவன் என்றபடியால் சொல்கிறேன், அதை எந்தப் படிப்பும் சொல்லித் தராது. அங்கே நின்று பார்த்துத்தான் தன்ர பாட்டுகளைத் தானே கசெற் போட்டு விற்கத் தொடங்கினார்.

1996-ல் பிரயோரிட்டி ரெக்கோர்ட்ஸ் என்ற இசைக் கம்பெனியோடு விநியோக ஒப்பந்தம் போட்டார். ராப் உலகத்தில் இன்றைக்கும் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். விற்கிற காசில் நூற்றுக்கு 85 அவருக்கு, 15 விநியோகக்காரருக்கு. மாஸ்டர் எனப்படுகிற மூல ஒலிப்பதிவுகளின் உரிமை முழுக்க அவரிடமே. பதிவு செய்கிற செலவு, விளம்பரச் செலவு எல்லாம் அவர் தலையில். பிரயோரிட்டியின் வேலை அச்சடித்துக் கடைக்கு அனுப்புவது மட்டும். தம்பி, உனக்கு வந்திருக்கிற பதினெட்டு லட்சத்தை இதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார். அவர் முன்பணத்தைக் கேட்கவில்லை, லொறியைத்தான் கேட்டார்.

அடுத்த வருசம் படம். கலியோப் வாழ்க்கைதான் கதை. அவரின் சகோதரர் கெவின் 1990-ல் கொல்லப்பட்டவர், அந்தத் துக்கம் அவர் எழுதின எல்லாத்திலும் இருக்கு. மூன் ஜோன்ஸ் என்பவரோடு சேர்ந்து தானே இயக்கினார், கம்பெனியில் பாடுகிற ஆக்களே நடித்தார்கள். தியேட்டர் கிடைக்கவில்லை, நேரே வீடியோவுக்கு வந்தார். அந்த வீடியோ போனது பாட்டு போன அதே வழியால், அதே கடைகளுக்கு. நூறு டொலர் கொடுக்க யோசிக்கிற வாடகைக் கடைக்காரரை அவர் கேட்கவே இல்லை. சிடி வாங்க வருகிற பெடியனிடம் நேரே கசெற்றை நீட்டினார். கடை ஒரு கசெற் வாங்கி முப்பது பேருக்கு வாடகைக்கு விட்டால் படம் எடுத்தவனுக்கு ஒரு கசெற்றின் காசுதான். அந்த முப்பது பேரும் ஆளுக்கு ஒன்று வாங்கினால்?

அப்ப "பாட்டு வித்த காசுல படம்" என்றது பாதிதான் உண்மை. அந்தப் படத்தின் பாட்டுத் தொகுப்பு தனி சிடியாக வந்து பில்போர்ட் 200 என்ற அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 4-ஆம் இடம் வரைக்கும் போனது. தியேட்டரையே காணாத ஒரு படத்தின் பாட்டு! படம் பாட்டை விற்றது, பாட்டு படத்தை விற்றது.

அந்தப் பெடியன் வைத்திருந்த நோ லிமிட் சிடி ஒன்றும் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்குது. உள்ளே இருக்கிற தாளை விரித்தால், பாட்டு வரிகள் இருக்கும் என்று நினைப்பாய். இல்லை. அடுத்து வரப்போகிற சிடிகளின் அட்டைகள் சின்னச் சின்னப் பெட்டியாக, தங்க எழுத்தும் வைரக் கல்லும் பளபளக்க. ஹியூஸ்ரனில் பென் அண்ட் பிக்சல் என்ற கம்பெனி அந்த அட்டைகளைச் செய்தது. நாங்கள் அந்தத் தாளைப் பார்த்து "அடுத்தது இது, அதுக்குப் பிறகு இது" என்று பேனையால் கோடு போட்டு வைத்தோம். ஒருத்தரும் எங்களுக்கு விளம்பரம் காட்டவில்லை, நாங்கள் காசு கொடுத்து வாங்கின பொருளுக்குள்ளேயே அது இருந்தது.

படம் எப்படி என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன். படப்பிடிப்பு கரடுமுரடு. சில இடத்தில் சத்தம் கேட்காது, சில இடத்தில் இருட்டு. ஒன்பது பேர் ஒரு அறையில் நெருக்கியடித்துப் பார்த்தோம். பாதியில் ஒருத்தரும் எழும்பவில்லை. எங்களில் நாலு பேர் அகதியாக வந்த வீட்டுப் பிள்ளைகள். பொலிஸ் கதவைத் தட்டினால் தாய்மார் முகம் எப்படி மாறும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் படத்தில் அந்த முகம் இருந்தது. நல்ல கமராவில் எடுத்த எத்தனையோ படங்களில் அது இருந்ததில்லை.

பிறகு 1998-ல் 'ஐ காட் த ஹூக் அப்', வான் வண்டியில் வைத்துக் கைத்தொலைபேசி விற்கிற ரெண்டு பேரின் பகிடிக் கதை. டைமென்ஷன் ஃபிலிம்ஸ் தியேட்டரில் வெளியிட்டது, அமெரிக்காவில் ஒரு கோடி டொலரைத் தாண்டி வசூல். அடுத்த வருசம் 'ஃபூலிஷ்', அது அந்த அளவுக்குப் போகவில்லை. இடையில் நேரே வீடியோவுக்கு வந்தவை வேற. 1998-ல் மட்டும் 20-க்கு மேல் சிடிகள் வெளியிட்டார்கள், சனத்துக்கு மூச்சு விட நேரமில்லை. அவருக்குப் பீட், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடுகிற இசை, செய்து கொடுத்த பீட்ஸ் பை த பவுண்ட் குழு 1999-ல் பிரிந்து போனது. பாட்டின் ருசி மாறினதும் படமும் சேர்ந்து இறங்கினது, ரெண்டும் ஒரே கயிற்றில் கட்டினதுதானே. 2003 கடைசியில் இசைக் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. இதையும் நீ தெரிந்திருக்க வேணும், வெற்றிக் கதையை மட்டும் கேட்டுவிட்டு அம்மாவின் சீட்டுப் பணத்தில் கை வைக்காதே.

மணி அண்ணை சொன்ன ஐஸ் கியூப் பற்றி ஒன்று. அவர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் 'ஃப்ரைடே' உரிமை ஸ்டூடியோவிடம், இப்ப வார்னர் கம்பெனியிடம். அடுத்த பாகத்துக்குக் கதை எழுதி வைத்துக்கொண்டு, அவர்களின் சம்மதம் கிடைக்காமல் பல வருசம் நின்றார். தன்ர படத்தைத் தானே காசு கொடுத்து வாங்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். இத்தனைக்கும் 1989-ல் காசுக் கணக்கு சரியில்லை என்று என்.டபிள்யூ.ஏ. என்ற தன்ர ராப் குழுவை விட்டு வெளியே வந்த மனுசன் அவர். 2015-ல் அந்தக் குழுவின் கதையைப் படமாக்கினபோது அவரின் மகனே அவராக நடித்தான், உலகம் முழுக்க 20 கோடி டொலருக்கு மேல் வசூல். அவ்வளவு பெரிய ஆளுக்கே முதல் படத்தின் சாவி வேற ஆளிடம்.

பீளமேடு பாய்ஸ் எழுதியது:

வரதன் அண்ணா, ரொம்ப நன்றி. மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து ரெண்டு தடவை படிச்சோம். ஒரு சந்தேகம். அன்னைக்கு அவருக்குப் பாட்டுக் கடை இருந்துச்சு. இன்னைக்கு சிடியும் இல்ல, கடையும் இல்ல. எங்க பாட்டைக் கேட்கிறவங்க காசே குடுக்கறதில்ல. அப்புறம் தமிழ்ல யாராவது இப்படிச் செஞ்சிருக்காங்களா?

வளசரவாக்கம் சுமதி எழுதியது:

தம்பி, நான் பதினேழு வருஷமா தயாரிப்புக் கம்பெனிகளில் கணக்கு பார்க்கிறேன். தமிழில் பக்கத்து உதாரணம் ஹிப்ஹாப் தமிழா ஆதி. 2017-ல் அவர் எழுதி இயக்கி நடித்த 'மீசைய முறுக்கு' சுந்தர் சி-யின் அவ்னி மூவீஸ் தயாரிப்பு. சொந்த பேனரில் 'கடைசி உலகப் போர்' எடுத்தது 2024-ல். நடுவில் ஏழு வருஷம் பெரும்பாலும் மற்றவர்கள் தயாரிப்பில் நடித்தார், இசையமைத்தார். அந்த வரிசையையும் யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் பேப்பர் விஷயம். "காலம் முழுக்க, உலகம் முழுக்க" என்று அவர்கள் ஏன் எழுதுகிறார்கள் தெரியுமா? நம் காப்புரிமைச் சட்டத்தில், உரிமை மாற்றும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான் செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனால்தான் அந்த இரண்டு வார்த்தையை மறக்காமல் போடுகிறார்கள். நீங்கள் அதே இடத்தில் "ஏழு வருஷம்" என்று எழுதச் சொல்லலாம். கேட்பதில் தப்பே இல்லை, கேட்காதவர்களைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, 2012-ல் வந்த திருத்தம். படத்தில் வருகிற பாட்டு தியேட்டர் தவிர வேறு எங்கே ஒலித்தாலும், எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுத்தேன் என்று நீங்களே கையெழுத்து போட்டாலும் செல்லாது. மூன்று பேரும், பாட்டுக்கான ராயல்டியை வசூலித்துத் தருகிற ஐ.பி.ஆர்.எஸ். சொசைட்டியில் உறுப்பினர் ஆகியிருக்கிறீர்களா? இல்லையென்றால் முதல் வேலை அது. அந்தப் பணம் அதன் வழியாகத்தான் வரும்.

ஆனால் ஒலிப்பதிவின் உரிமை வேறு. யார் முன்னின்று பதிவு செய்தார்களோ அவர்களுடையது அது. பதினோரு பாட்டுக்கும் ஸ்டுடியோ பில் யார் பேரில் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒரு பாட்டு நண்பர் பேரில், இன்னொன்று ஸ்டுடியோக்காரரே "பரவாயில்லடா" என்று இலவசமாகச் செய்தது, இப்படி இருந்தால் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஒரு சின்னப் படம், வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்னால் இந்த ஒரு கடிதம் இல்லாமல் நின்றது. அந்தப் பையன் என் டேபிளுக்கு எதிரில் உட்கார்ந்து, ஃபைலைப் புரட்டிப் புரட்டித் தேடியதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

பீட் எங்கே எடுத்தீர்கள்? இணையத்தில் லீஸுக்கு, அதாவது பயன்படுத்த மட்டும் அனுமதி வாங்கி, எடுத்த பீட் என்றால் அதன் லைசென்ஸைப் படியுங்கள். பலவற்றில் படத்துக்குப் பயன்படுத்த அனுமதி இருக்காது, அல்லது இத்தனை ஸ்ட்ரீம் வரைதான் என்று இருக்கும்.

பீளமேடு பாய்ஸ் எழுதியது:

சுமதி அக்கா, பாத்துட்டோம். ஏழு பாட்டு நாங்களே போட்ட பீட். நாலு லீஸ். அந்த நாலுல ரெண்டு படத்துல முக்கியமான எடத்துல வருது. வயிறு கலங்கிடுச்சு.

மிக்ஸிங் மணி எழுதியது:

கலங்காதீங்க. பாடின ட்ராக் தனியா இருக்குல்ல? அந்த நாலு பாட்டுக்கும் புது பீட் போடலாம். டெம்போவை, அதான் பாட்டோட வேகத்தை மட்டும் மாத்தாதீங்க, அப்பதான் பாடினது அப்படியே உட்காரும். ஆனா அந்த லீஸ் பீட்டோட மெலடியைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு போடாதீங்க, தெரியாமலே அது உள்ள வந்துடும். ரெண்டு நாள் காது காலியா இருக்கட்டும், அப்புறம் உட்காருங்க.

ஸ்கார்பரோ வரதன் எழுதியது:

கடை இல்லையே என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். நீ போகிற கல்லூரி விழாக்கள், உன்ர பாட்டைப் பாடச் சொல்லிக் கூப்பிடுகிற ஊர்கள், அதுதான் உன்ர பாட்டுக் கடை. அந்த இருபது நிமிசத்தை முதலில் அங்கே திரையில் போட்டுக் காட்டு. எந்த ஊரில் சனம் அசையாமல் இருந்தது, எங்கே தொலைபேசியைத் தோண்டத் தொடங்கினது என்று ஒரு கொப்பியில் எழுது. ஒவ்வொரு இடத்திலும் வந்தவர்களின் நம்பரை வாங்கு. மாஸ்டர் பி ரிச்மண்ட் கடையில் நின்று பார்த்ததை நீ மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

கம்பெனிக்காரரிடம் "வேண்டாம்" என்று போய்ச் சொல்லாதே. "வெளியிடுகிற வேலை மட்டும் உங்களுக்கு, கமிஷன் எவ்வளவு?" என்று கேட்டுப் பார். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், கேட்கிற கேள்வி உன்ர.

பீளமேடு பாய்ஸ் எழுதியது:

வெள்ளிக்கிழமை போயிட்டு வந்தோம். சிரிக்கல அண்ணா. நிரந்தரம்ங்கிறதைப் பத்து வருஷமாக்கலாம்னு சொன்னாங்க, ஏழுக்கு இறங்கல. படத்தோட பாட்டு மட்டும் அவங்களுக்கு, மத்த பாட்டு எங்களுக்கு. ஆனா பணம் பதினெட்டு இல்ல, ஒன்பது. கமிஷன் பேச்சை மேனேஜர் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டார், பதில் சொல்லல. நாங்களும் கையெழுத்து போடல.

பில் எல்லாம் தேடி எடுத்தாச்சு. பதினொண்ணுல ரெண்டு பாட்டுக்கு பில்லே இல்ல. அந்த ஸ்டுடியோ அண்ணன் இப்ப திருப்பூர்ல இருக்கார். கடிதம் தட்டச்சு பண்ணி எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலையில ஆறு மணி பஸ்ல கிளம்பறோம். வர்ற சனிக்கிழமை சிங்காநல்லூர்ல எங்க நண்பன் வீட்டு மாடியில வெள்ளை வேட்டி கட்டி அந்த இருபது நிமிஷத்தைப் போடறோம். அறுபது பேர் வர்றதா சொல்லியிருக்காங்க. கொப்பி வாங்கிட்டேன்.